யாரு ஜெயிச்சிருப்பான்?

அலியும் டைசனும் மோதினா யாரு ஜெயிப்பான்? எங்கள் தெருப் பையன்களுக்கு இது தீராத சண்டை. செல்போன் விளையாட்டில் இரண்டு பேரையும் மேடையேற்றி, விரலாலேயே குத்திக்கொள்கிறான்கள். ஒருத்தன் ஜோ லூயிஸை இழுப்பான். இன்னொருத்தன், ராக்கி மார்சியானோ 49 ஆட்டம் ஆடி 49-ம் ஜெயிச்சவன்டா என்று மார்தட்டுவான். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். எம்.ஏ. தமிழ் படிச்சவனுக்கு குத்துச்சண்டையில என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பரணி படிச்சவனப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?

வேறு வேறு காலத்து வீரர்களை மோதவிடுவது வெறும் பொழுதுபோக்காகத்தான் தெரியும். ஆனால் கற்பனையிலும் யார் கை ஓங்குகிறது என்று பார்க்க வேண்டும். கற்பனையும் யாரோ ஒருத்தர் கையில்தான் இருக்கிறது.

1967-ல் முரே வொரோனர் என்கிற அமெரிக்க வானொலிக்காரர், பழைய ஹெவிவெயிட் சாம்பியன்கள் 16 பேரின் விவரங்களை ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டு, போட்டி நடத்தி, நேர்முக வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார். அதில் முகமது அலி, ஜிம் ஜெஃப்ரீஸ் என்ற வெள்ளைக்காரரிடம் தோற்றார். கடைசி ஆட்டத்தில் நின்ற இரண்டு பேரும் வெள்ளையர்கள். டெம்ப்சியை வீழ்த்தி மார்சியானோ ஜெயித்தார். அதே 1967-ல்தான் வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்றதற்காக நிஜமான அலியின் பட்டத்தைப் பிடுங்கினார்கள். வெளியே பட்டம் போச்சு, மிஷினுக்குள்ளே மானம் போச்சு. அலி வழக்குப் போட்டார். பிறகு சமாதானமாகி, 1969-ல் மார்சியானோவோடு ஒரு பொய்ச் சண்டையைப் படம்பிடிக்க ஒத்துக்கொண்டார். அலிக்கு வயது 27. மார்சியானோவுக்கு 45, தலையில் ஒட்டுமுடி. பலவிதமான முடிவுகளை எடுத்து வைத்தார்கள். படம் வெளிவருமுன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டிய முடிவு, 13-வது ரவுண்டில் மார்சியானோ அலியை வீழ்த்துவது. அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்தது என்று அலி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது.

மார்சியானோமேல் எனக்கு வருத்தமில்லை. லூயிஸ், வால்காட், சார்லஸ், மூர் என்று கறுப்பர்களோடு நேருக்கு நேர் நின்று ஜெயித்தவர் அவர். என் கணக்கு வேறு ஆட்களோடு.

ஜெஃப்ரீஸையே எடுத்துக்கொள்வோம். 1899-லிருந்து சாம்பியன். 1905-ல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். சாம்பியனாக இருந்த வரைக்கும் கறுப்பன் எவனோடும் பட்டத்துக்காக ஆடமாட்டேன் என்று கோடு போட்டுக்கொண்டவர். ஆட வேண்டியவனோடு ஆடாமல் சேர்த்த சாதனை அது. மிஷினுக்குத் தீனியாகப் போனதும் அதுதான். கோட்டைப் போட்டவன் கையாலேயே மார்க்கும் போட்டால் யார் பாஸாவான்?

1908-ல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து, ஜாக் ஜான்சன் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பொறுக்கவில்லை. ஓய்விலிருந்த ஜெஃப்ரீஸை வெள்ளை இனத்தின் நம்பிக்கை என்று கூட்டிவந்தார்கள். 1910 ஜூலை 4, ரெனோ நகரம். 45 ரவுண்டுக்கு ஏற்பாடான ஆட்டத்தை 15-லேயே முடித்தார் ஜான்சன். அன்றைக்கு ராத்திரி பல ஊர்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை அடித்துக் கொன்றன. மேடையில் வாங்கிய அடிக்குத் தெருவில் பழி. இது நமக்குத் தெரியாத வழக்கமா? அந்தச் சண்டைப் படத்தை ஊர் ஊராகத் தடை செய்தார்கள். 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாதென்று சட்டமே வந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பன் நிஜமாக ஜெயித்த சண்டையைப் பார்க்கத் தடை. கறுப்பன் தோற்றதாக நடித்த சண்டைக்கு நாடெங்கும் தியேட்டர்.

எங்க சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாலிபத்தில் கொஞ்சம் கையுறையும் போட்டவர். 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர். அவரிடம் கேட்டேன்.

“சித்தப்பா, ஜான்சனும் அலியும் மோதினா யாரு ஜெயிப்பா?”

“எத்தினி ரவுண்டு? ரெஃப்ரி யாரு? அத்த சொல்லுடா மொதல்ல.”

எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் நான் இவ்வளவு தெளிவைப் பார்த்ததில்லை. 45 ரவுண்டு, வெயில், மெல்லிய கையுறை என்றால் ஜான்சனின் பொறுமை பேசும். வருகிற குத்தை விரித்த கையிலேயே பிடித்து, எதிராளியை அணைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே குத்துகிற ஆள். 15 ரவுண்டு, பெரிய மேடை என்றால் அலியின் கால் பேசும். சட்டம் மாறினா சாம்பியனும் மாறுவான். அலியே ஜான்சனைத் தன் முன்னோடியாகத்தான் பார்த்தார். பட்டம் பறிபோன நாட்களில் ஜான்சன் வாழ்க்கையை வைத்து எழுதிய நாடகத்தைப் பார்த்துவிட்டு, இது என் கதை என்றார். அவர்கள் இரண்டு பேரையும் மோதவிட எனக்கு மனசு வரவில்லை.

ஜான்சனும் குறையில்லாதவர் அல்ல. பட்டம் கைக்கு வந்த பிறகு சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனட் மாதிரியான கறுப்பு வீரர்களுக்கு அவரும் வாய்ப்புத் தரவில்லை. வெள்ளையரோடு ஆடினால்தான் பணம். நம்மில் ஒருத்தன் மேலே போனதும் கதவு தானாகத் திறந்துவிடாது என்பதற்கு இதுவும் சாட்சி.

1915-ல் ஜான்சன் தோற்றார். அதற்குப்பின் 1937-ல் ஜோ லூயிஸ் ஜெயிக்கும்வரை, 22 வருஷம், எந்தக் கறுப்பனையும் பட்டத்துக்கு ஆடவிடவில்லை. அவர்களுக்கென்று ‘கறுப்பர் உலக சாம்பியன்’ என்று தனிப் பட்டம் இருந்தது. டீக்கடையில் தனி கிளாஸ் மாதிரி. அதனால் லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் திரும்பத் திரும்பத் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள், பதினைந்து தடவைக்கும் மேல். டெம்ப்சி 1919-லிருந்து 1926 வரை சாம்பியன். வில்ஸோடு ஒப்பந்தம்கூடப் போட்டார்கள். ஆட்டம் மட்டும் நடக்கவே இல்லை.

அதற்கும் முன்னால் பீட்டர் ஜாக்சன். 1891-ல் ஜிம் கார்பெட்டோடு 61 ரவுண்டு நின்றார், முடிவில்லை. அடுத்த வருஷம் சாம்பியன் சல்லிவன், கறுப்பர் தவிர யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சவால் விட்டார். கார்பெட் போய் அடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஜாக்சனுக்குப் பட்டத்துக்கு ஒரு மணியோசைகூடக் கேட்கவில்லை.

தகுதி, தகுதி என்று நம்மைப் பார்த்துப் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். ஆளையே உள்ளே விடாமல், நான்தான் ஜெயிச்சேன் என்பதற்குப் பேர் தகுதியா?

பையன்களுக்கு நான் சொல்கிற ஜோடிகள் இவைதான்: சல்லிவன் – ஜாக்சன். டெம்ப்சி – வில்ஸ். காலம் விட்டுக் காலம் இழுத்துவர வேண்டியதே இல்லை. ஒரே காலம், ஒரே நாடு, இரண்டு பேரும் தயாரான உடம்போடு இருந்தார்கள். இந்தச் சண்டைகளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. மேடைக்கு ஏற அனுமதி மட்டும்தான் தேவைப்பட்டது. அதைத்தான் தரவில்லை.