வரவு பொது, செலவு தனி

வீட்டில் இருப்போர்க்கு மின்சாரம் என்றால் சுவரில் உள்ள சுவிட்சுதான் நினைவுக்கு வரும். வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவோர்க்கோ அது நாழி அரிசி போல அளந்து செலவிட வேண்டிய பொருள். இதை எனக்குக் கற்பித்தது, மாலை வேளைகளில் நான் வேலை பார்க்கும் என் மாமாவின் பேட்டரிக் கடை.

சென்ற கோடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் வேனில் வந்தார். படுக்கை, அடுப்பு, சிறு குளிர்பெட்டி யாவும் அதற்குள் இருந்தன. அம்மையாருக்கு நீரிழிவு. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைத்தாக வேண்டும். அதற்கென்றே இரண்டாவது பேட்டரியும் பொருத்தியிருந்தார்கள். ஆனாலும் கொடைக்கானலில் ஒரு விடியற்காலை வண்டி செல்ஃப் எடுக்கவில்லை.

"இரண்டு பேட்டரி இருந்துமா தம்பி இப்படி?" என்று வருந்தினார் ஆசிரியர்.

மாமா திறந்து பார்த்தார். யாரோ இரண்டையும் கம்பியால் நேராக இணைத்திருந்தார்கள். இரவெல்லாம் குளிர்பெட்டி இரண்டையும் சேர்த்தே உறிஞ்சிவிட்டது. மலைக்குளிர் வேறு பேட்டரியின் வலுவைக் குறைத்துவிட்டது.

"வரவு பொதுவா இருக்கலாம் சார், செலவு தனியா இருக்கணும்" என்றார் மாமா.

அவர் பொருத்திய ரிலேயின் வேலை இதுதான். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தருகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தொட்டதும் ரிலே இரு பேட்டரிகளையும் இணைக்கிறது. இரண்டும் சார்ஜ் ஆகின்றன. எஞ்சின் நின்று, அழுத்தம் 12.8-க்குக் கீழ் இறங்கியதும் பிரித்துவிடுகிறது. பிறகு குளிர்பெட்டி எவ்வளவு எடுத்தாலும் எஞ்சினை இயக்கும் பேட்டரி குறைவதில்லை.

கம்பியின் பருமனும் முக்கியம். வகுப்பில் படித்த ஓம் விதியை அன்று கண்ணால் கண்டேன். 0.05 ஓம் தடையுள்ள கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 14 வோல்ட் 13 ஆகிவிட்டால் பேட்டரி மிக மெதுவாகவே நிறையும். ஆகவே தடித்த கம்பி போட்டு, இரு பேட்டரிகளின் அருகிலும் ஃபியூஸ் வைத்தோம்.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு: பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 50-தான் நம் கைச்செலவுக்கு. குளிர்பெட்டி சராசரியாக 2 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 48. ஆக, ஒரு நாள் நிறுத்தினால் மறுநாள் வண்டி ஓடியே தீரவேண்டும். லித்தியம் பேட்டரிக்கும், ஆல்டர்னேட்டரின் அழுத்தத்தைக் கணினி ஏற்றி இறக்கும் புது வண்டிகளுக்கும் இந்த ரிலே போதாது, டி.சி.–டி.சி. சார்ஜர் வேண்டும்.

இக்கணக்கை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தபோது என் தாயார் நினைவுக்கு வந்தார். இட்லிக் கடை வருமானம் ஒன்றே எங்கள் வரவு. அவரிடம் டப்பாக்கள் இரண்டு: ஒன்று அன்றாடச் செலவுக்கு, மற்றொன்று என் படிப்புக்கு. அரிசிக் கடைக்காரர் பாக்கிக்கு வந்து நின்ற நாளிலும் இரண்டாவது டப்பாவை அவர் திறந்ததில்லை. அதனால்தான் இன்று நான் மூன்றாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் அமர்ந்திருக்கிறேன்.

நண்பர்களே! பணமாயினும் காலமாயினும், நாளைப் புறப்படுவதற்கு வேண்டிய வலுவை இன்றைய வசதிக்குக் கரைத்துவிடாமல் காப்போமாக!