கம்பைக் கீழே போடுங்க அண்ணாச்சி

நேற்று சாரல் விட்ட நேரம், ஐந்தருவியிலிருந்து நடந்து வந்தேன். ரோட்டோரம் கூட்டம். நடுவில் ஆறடி நீளச் சாரைப்பாம்பு. கடைக்கார அண்ணாச்சி கையில் சவுக்குக் கம்பு.

"இது சாரை அண்ணாச்சி, விஷம் கிடையாது. எலி தேடி வந்திருக்கு, விட்டுருங்க."

"பிள்ளைங்க நடமாடுற இடம்லா தம்பி?"

அந்தப் பயத்தை லேசாக எண்ண முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்கிறது ஓர் ஆய்வு. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், வயக்காட்டு மனுஷர்கள். ஆனால் அடிக்கப் போய்க் கடிபட்டவர்களும் உண்டு.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலின் விஷத்தை வைத்துத்தான் நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்தே தயாராகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர் பழங்குடி மக்கள். எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"நல்ல பாம்பா இருந்தா என்ன செய்ய?"

"தள்ளி நின்னு 101-க்கு போன் போடுங்க. தீயணைப்புக்காரங்க வந்து பிடிச்சிட்டுப் போவாங்க."

கம்பு தாழ்ந்தது. சாரை ஓடைப்பக்கப் புதருக்குள் நுழைந்தது. வால் மறையும்வரை அண்ணாச்சியும் நின்று பார்த்தார்.