மைதானத்துத் தண்ணீருக்கு எந்த ஊர்?

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் மழை விட்டதும் என் மகன் கேட்கும் முதல் கேள்வி, "கிரவுண்டு காயறதுக்கு எத்தன நாளாகும்ப்பா?" பள்ளிக்கூடம் லீவா என்பதெல்லாம் அப்புறம்தான். அவன் ஓடிப் பழகும் விளையாட்டரங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நாள் மழைக்கு ஒரு வாரம் தண்ணீர் நிற்கும். இரண்டாம் நாள் தவளை, நான்காம் நாள் கொக்கு. காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "மண்ணு சரியில்ல சார்." போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கடப்பாரை கொடுத்தார். தேங்கிய நீரின் ஓரத்தில் குத்தினேன். இரண்டு அங்குலம் சேறு, அதற்குக் கீழே ணங்கென்றது. ஒரு சாண் தோண்டி எடுத்த கட்டியை உடைத்தால் உள்ளே ஈரமே இல்லை. மேலே குளம், கீழே காய்ந்த மண்! பொதுக்கூட்டம், பொருட்காட்சி என்று லாரி ஏறி ஏறி இறுகிப்போன தரை. பிடி மண்ணைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்தது. அது விரல்கடை உயரம்கூட இல்லை. மேலே நின்ற கலங்கல் மூன்று நாளாகியும் தெளியவில்லை. அவ்வளவும் களி.

மண்தான் குற்றவாளி என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. 2015 நவம்பரில் பெங்களூரில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த கிரிக்கெட் டெஸ்டில் முதல் நாள் மட்டும்தான் ஆட்டம்; மிச்ச நான்கு நாளும் மழைக்குப் போனது. அதன் பிறகு அங்குள்ள சின்னசாமி அரங்கத்தின் களிமண்ணை எடுத்துவிட்டு மணல் பரப்பினார்கள். 2017-ல் அடியில் குழாய் பதித்து, நிமிடத்துக்குப் பத்தாயிரம் லிட்டர் உறிஞ்சும் இயந்திரமும் வைத்தார்கள். சரி, உறிஞ்சிய தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்வி வந்ததும் பாட்டிலை விட்டுவிட்டு எங்கள் மைதானத்தின் வடிகால் குழாயைத் தேடிப் போனேன்.

மதில் ஓரம், கருவேலஞ்செடிக்குப் பின்னால் இருந்தது அதன் வாய். சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டேன். வெளியே போக வேண்டிய துண்டு, மெதுவாக மைதானத்துக்குள் மிதந்து வந்தது. தெருச் சாக்கடை உள்ளே வந்துகொண்டிருந்தது.

தெரிந்த கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல் வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், வாய்க்கா அடி உங்க கொழா வாயவிட நாலு வெரல் மேல கெடக்கு. எப்புடிப் போவும்?" வாய்க்கால் ஏன் உயர்ந்தது? ரோடு உயர்ந்தது, அதற்குத் தோதாக வாய்க்காலையும் உயர்த்திக் கட்டினார்கள். ரோடு ஏன் உயர்ந்தது? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார். தமிழ்நாட்டில் வீடெல்லாம் பள்ளத்துக்குள் போன கதையும் இதுதான். சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார்.

ரோட்டை மட்டும் சொல்லி முடிக்கவும் முடியாது. எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்குப் போக்கிடம் கோரையாறு. அது புத்தூர் ஆறுகண் பக்கம் உய்யக்கொண்டானைச் சந்தித்து, குடமுருட்டியாகிக் காவிரியில் சேர்கிறது. கோரையாறு முட்டப் போனால் வாய்க்கால் எதிர்த்துக்கொள்ளும். 2005 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கருமண்டபம், கிராப்பட்டி பக்கம் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் ஆறு வடிந்து பத்து நாளான பிறகும் மைதானத்தில் தண்ணீர் நிற்பதற்கு ஆறு பொறுப்பில்லை.

கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. கேட் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் வேலைக்குச் சேந்தப்ப ரோட்டுலேருந்து மூணு படி ஏறித்தான் உள்ள வரணும் தம்பி."

இப்போது ஒரு படி இறங்க வேண்டும்.