முதலில் டயர், தம்பி

போன மாதம் வாலிபர் கூடுகை முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி ஒருவன் தன் போனை நீட்டினான். "அக்கா, என் வண்டிக்கு லைட் பார் 450 டாலர், லிஃப்ட் கிட் 700 டாலர். எதை முதல்ல போடலாம்?" அவனுடையதும் என்னுடையதைப் போலவே, முன்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கிற எஸ்யூவி. "ரெண்டும் வேண்டாம்" என்றேன். முகம் வாடிவிட்டது. நான் காரணம் சொல்வதற்குள் அவன் அம்மா கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் அந்த வழியில் போனவள்தான். எங்களுடையது நைட் டூட்டிப் பணத்தில் வாங்கிய பழைய ஹூண்டாய் டூசான். ஃபோர் வீல் டிரைவ் வாங்க அப்போது வசதியில்லை. ஆசை மட்டும் இருந்தது. கூரைமேல் ராக்கும் அதில் ஒரு லைட் பாரும் பொருத்தினோம். 650 டாலர் ஆயிற்று. சபை கார் பார்க்கிங்கில் இரண்டு பேர் படம்கூட எடுத்தார்கள்.

அந்த ஆண்டுதான் நாகர்கோவிலிலிருந்து அப்பா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். அடிலெய்டுக்குத் தெற்கே செல்லிக்ஸ் கடற்கரையில் கார்களை மணலுக்குள் இறக்க அனுமதி உண்டு. தண்ணீர் ஓரமாக இருக்கும் ஈர மணல் தார் ரோடு மாதிரி கெட்டியாக இருந்தது. அந்தத் தைரியத்தில், அப்பாவுக்கு நிழலான இடம் பார்க்கலாம் என்று மேட்டுப்பக்கம் காய்ந்த மணலில் திருப்பினேன். பத்து மீட்டர் போயிருக்காது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். அதுதான் தப்பு. வயிறு மணலில் படியும்வரை சக்கரமே குழி தோண்டிக்கொண்டது. கடல் ஏறிக்கொண்டிருந்த நேரம். எழுபது வயது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு டப்பா மூடியால் மணலை அள்ளத் தொடங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். கயிறு கொண்டுவருவார் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து டயர் காற்று அளக்கும் கேஜை எடுத்தார். 35 பிஎஸ்ஐ இருந்த காற்றை 18க்கு இறக்கச் சொன்னார். சக்கரங்களுக்குப் பின்னால் மணலைத் தள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். வண்டி வெளியே வந்துவிட்டது. போகும்போது லைட் பாரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு 650 டாலர் தகும்.

காற்றைக் குறைத்தால் டயர் தட்டையாகி, தரையில் படும் தடம் நீளமாகிறது. அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் மணலை வெட்டாமல் அதன் மேலே மிதந்து போகிறது. வார்டில் தினமும் நூறு தடவை பிரஷர் பார்க்கிற எனக்கு, என் வண்டியின் பிரஷரைப் பார்க்கத் தோன்றவில்லை! ஒன்று மறக்கக் கூடாது: காற்று குறைந்த டயரோடு வேகமாகப் போகக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி நிரப்பியாக வேண்டும்.

அதற்குப்பின் ராக்கையும் லைட்டையும் பாதி விலைக்கு விற்றேன். கூரைமேல் எடை ஏறினால் சரிவில் வண்டி சாய்வது சுலபம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கல் ரோட்டைத் தாங்கும் ஆல் டெரெய்ன் டயர் நான்கு, 880 டாலர். கம்ப்ரஸர் 110. சக்கரத்தின் கீழ் வைக்கும் ரிக்கவரி போர்டு ஒரு ஜோடி 120. கேஜும் மண்வெட்டியும் 55. மெலிந்த ஸ்பேர் சக்கரத்துக்குப் பதில் முழு அளவு சக்கரம், பழைய இரும்புக் கடையில் 90. அது டிக்கியின் அடியில் அடங்காமல் சாமான்களோடுதான் பயணம் செய்கிறது. மொத்தம் 1255 டாலர்.

லிஃப்ட் கிட் கெட்டது என்று சொல்லவில்லை. டூசானின் அடிவயிறு தரையிலிருந்து சுமார் 17 சென்டிமீட்டர்தான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடினால் நல்லதுதான். ஆனால் உயர்த்தினால் முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுகளின் கோணம் மாறி, மூட்டுகள் சீக்கிரம் தேயும். அலைன்மென்ட் பார்க்க வேண்டும். மாநிலச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று கேட்க வேண்டும், இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பின்சக்கரம் இழுக்கப்போவதில்லை. மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரம் அப்போதுதான் லேசாகிறது. நம் வண்டியின் பலவீனம் அங்கே இருக்கிறது.

இன்னொன்று, இதை நர்ஸாகச் சொல்கிறேன். புதைந்த வண்டியை டோ பாலில் கயிறு மாட்டி வெடுக்கென்று இழுக்க யாரையும் விடாதே. அந்த இரும்புக் குண்டு உடைந்து பறந்து இந்த நாட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

அப்பா ஊருக்குத் திரும்ப ஒன்பது நாள் இருக்கும்போது ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போனோம். வில்பீனா வரை சுமார் 430 கிலோமீட்டர். அப்பா புவியியல் வாத்தியார். பிராச்சினா பள்ளத்தாக்கில், இனோராமா ஓடையோரம் பாறையில் ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். பூமியின் வரலாற்றில் எடியாகரன் என்ற காலம் தொடங்கும் இடம் என்று 2004இல் உலக அளவில் ஏற்கப்பட்ட இடம் அது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

தார் ரோடு முடிந்ததும் காற்றை 28க்கு இறக்கினேன். முதல் இரண்டு ஓடைகளும் காய்ந்த கூழாங்கல்தான். டூசான் அழகாகப் போனது. அடுத்ததில் தண்ணீர். இரண்டு நாளுக்கு முன் மழை பெய்திருந்தது. ஓட்டம் பெரிதாக இல்லை என்பதால் இறங்கி நடந்து பார்த்தேன். நடுவில் முழங்காலுக்கு மேல் வந்தது, காலடியில் கல் உருண்டது.

"போகலாம், டயர்தான் இருக்கே" என்றார் என் கணவர். முன்னால் போன ஒரு லேண்ட் க்ரூஸர் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு அக்கரை ஏறியது. போனில் சிக்னல் இல்லை. பின்சீட்டில் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். சாவி என் கையில் இருந்தது. நான் வண்டியைத் திருப்பினேன். ஹாக்கர் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. ஒருவேளை போயிருக்கலாமோ என்னவோ. இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு அது.

திருப்பிய இடத்திலேயே ஒரு மரத்தடியில் ஃபிளாஸ்கைத் திறந்து டீ குடித்தோம். அப்பா எதிரே சாய்ந்து நின்ற பாறை அடுக்குகளைப் பிள்ளைகளுக்கு விரலால் எண்ணிக் காட்டினார். "தகடு அங்கதான் இருக்கும் மக்ளே, ஓடியா போயிரும்?" என்றார். அதன்பின் அவர் வரவில்லை. முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது, அவ்வளவு தூர விமானப் பயணம் இனி கஷ்டம். நாங்கள் போனால் தகட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

தம்பி, டயருக்குப் போக மிச்சம் இருந்தால் லைட் பாரைப் பற்றி அப்புறம் பேசலாம். சனிக்கிழமை எனக்கு ஆஃப். வண்டியைக் கொண்டு வா, கேஜ் என்னிடம் இருக்கிறது.