மண்ணுக்குள் ஒரு பூட்டு

திண்டுக்கல் என்றதும் பூட்டுத்தானே நினைவுக்கு வரும்? சிறுமலை அடிவாரத்தில் நான் பார்த்ததும் ஒரு பூட்டுத்தான். ஆனால், அது மண்ணுக்குள் இருந்தது!

கோடையில் தீ ஓடிய சரிவு அது. புல்லெல்லாம் சாம்பல். உசிலை மரங்கள் கரிக்கட்டையாக நின்றன. தாய்மார்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் அரப்பு, இந்த உசிலையின் இலைதான்.

"அடடா, எல்லாம் போச்சே!" என்றேன்.

உடன் வந்த பாட்டி சிரித்தாள். "கீழே குனிஞ்சு பாரு, தம்பி!"

கரிந்த அடிமரத்தைச் சுற்றிப் பச்சைத் துளிர்கள்! புல்லில் பற்றிய தீ விரைந்து ஓடிவிடும். மண்ணுக்குள் சூடு அதிகம் இறங்காது. அங்கே உறங்கும் மொட்டுகள் பிழைத்துக்கொள்ளும். நல்ல காலத்தில் வேர் பூட்டி வைத்த மாவுச் சத்துத்தான் அவற்றுக்கு ஆகாரம். அஞ்சறைப் பெட்டியில் நீங்கள் ஒளித்து வைக்கும் காசு மாதிரி!

"வருஷா வருஷம் தீ வந்தால்?" என்று கேட்டேன்.

பாட்டியின் முகம் வாடியது. "அப்புறம் மரம் ஏது? வெறும் புதர்தான்!"

உண்மைதான். துளிர் உயர்ந்து, பட்டை தடிக்குமுன் மறுபடியும் தீ வந்தால், மறுபடியும் சேமிப்பில்தான் கை வைக்க வேண்டும். எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தப் பெட்டிதான் காலியாகாது?

சிறுமலைக்குப் போகிறவர்கள் நெருப்புக் குச்சியை அணைத்துவிட்டுப் போடட்டும். பெட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.