திரைமறைவுத் தராசு

தராசைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "எடை சரி, எடுத்துச் செல்" என்று கடைக்காரன் கூறினால், கால் கிலோ பருப்பு வாங்க வந்த ஏழைத்தாயும் ஏற்கமாட்டாள். திரையை விலக்கு என்பாள். எடைக்கல்லைக் காட்டு என்பாள். பருப்புக்கே இத்தனைக் கண்டிப்புக் காட்டும் சமுதாயம், தன் பிள்ளைகளின் திறமையை எடைபோட்டு, ஓர் எண்ணை அவர்தம் நெற்றியில் ஒட்டி, "இவனே உனக்குப் பொருத்தமான எதிராளி" என்று இணைத்துவைக்கும் இணைய விளையாட்டுத் தளங்களின் முன்னே வாய்மூடி நிற்கிறது. எடைக்கல் எது? கேட்பாரைக் காணோம்!

விளையாட்டை வெறுப்பவரல்லர் நாம். பணி முடிந்த இரவுகளில் இணையத்திலே சதுரங்கம் ஆடுவது நமக்கும் பழக்கம். அங்கும் எண் உண்டு, ஏறும், இறங்கும். ஆனால் அந்த எண்ணின் பிறப்பு வளர்ப்பு யாவும் பகல் வெளிச்சத்தில் நடந்தவை. அங்கேரியில் 1903இல் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் ஆர்பட் ஈலோ வகுத்த முறையே அதற்கு அடிப்படை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் அதனை ஏற்றது. அதன் சூத்திரம் நூலில் இருக்கிறது. பள்ளிச் சிறுவனும் காகிதமும் பென்சிலும் கொண்டு சரிபார்க்கலாம். 200 புள்ளி மிகுந்தவர், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார் என்பது அதன் கணிப்பு. ஒரு வெற்றிக்குப் பெருக்கும் எண் 20 எனக் கொண்டால், எளியவரை வென்ற வலியவருக்கு ஐந்து புள்ளிகூடக் கிட்டாது. தோற்றாலோ பதினைந்துக்கு மேல் பறிபோகும். தோல்வி கசக்கிறது, ஆயினும் ஏன் இத்தனைப் புள்ளி குறைந்தது என்று நாமே கணக்கிட்டுக் காண முடிகிறது. நம்பிக்கை அங்கே நாம் இடும் பிச்சையன்று. சோதித்துப் பெற்ற முடிவு.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பட்டறைத் தொழிலாளி, துப்பாக்கிச் சண்டை விளையாட்டொன்றில் ஈடுபாடு மிக்கவர். தொடர்ந்து தோற்றுத் துவண்டிருந்தார் ஒருநாள். வென்றவர்கள் ஏந்திய ஆயுதத்தைச் சம்பளப் பணத்தில் வாங்கியும்விட்டார்.

"உம்மை இவர்களோடு இணைத்தது யார், தம்பி?" என்று கேட்டோம்.

"கணினிதான் அண்ணா! நம் தரத்துக்கு ஏற்றவரைத்தானே அது தேடித் தரும்? நம்மிடந்தான் குறை" என்றார்.

கணினி தவறு செய்யாது என்று அவர் நம்பியதைவிட, கணினிக்கு உள்நோக்கம் கிடையாது என்று நம்பியதே நம்மை வருத்திற்று. கணினிக்கு நோக்கமில்லை, உண்மை. கட்டளையிட்டவனுக்குமா இல்லை?

ஆக்டிவிஷன் நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் காப்புரிமை ஒன்று பெற்றது. புதிய ஆட்டக்காரரை, விலைக்கு வாங்கிய ஆயுதத்தைத் திறம்படக் கையாளும் ஒருவரோடு இணைத்தால், புதியவருக்கும் அதை வாங்கும் ஆசை பிறக்கும் என்பது அதில் விவரிக்கப்பட்ட வழி! எந்த விளையாட்டிலும் அதனைப் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் கூறியது. அதே 2017இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆய்வுரையொன்று வெளியிட்டனர். சமபலம் உள்ளோரை இணைப்பதே சிறந்த முறையா? இல்லை, யாரை யாரோடு மோதவிட்டால் ஆட்டக்காரர் விளையாட்டை விட்டு விலகாதிருப்பார் என்று கணித்து இணைக்கலாம் என்றது அவ்வுரை.

இவை நம் இளைஞர் ஆடிய ஆட்டத்தில் நடந்தன என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. நடக்கவில்லை என்று அவரால் எங்ஙனம் அறிய முடியும் என்பதே நம் கேள்வி. பொருத்தம் என்ற ஒரே சொல்லுக்குள் நீதியும் ஒளிந்திருக்கலாம், வியாபாரமும் ஒளிந்திருக்கலாம். திரை மூடியிருக்கும்வரை இரண்டும் ஒரே முகந்தானே!

"முறையை வெளியிட்டால் மோசடிக்காரர் புகுந்துவிடுவர்" என்பர் சிலர். மோசடியைப் பிடிக்கும் பொறியை மறைத்துவைக்கட்டும். திருடனைப் பிடிக்கும் வழியைத் தெருவில் பறையறையச் சொல்லவில்லை நாம். ஆனால் எடைபோடும் முறை வேறு, காவல் முறை வேறு. ஈலோவின் சூத்திரம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரறிந்தது. அதனால் சதுரங்கம் சாய்ந்துவிடவில்லை. லிச்செஸ் என்னும் தளம், தரமிடும் முறையோடு தன் நிரல் முழுவதையுமே எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. பல்லாண்டு முணுமுணுப்புக்குப் பிறகு, 'கால் ஆஃப் டூட்டி' விளையாட்டில் எவ்வெவை எடைபோடப்படுகின்றன என்று ஆக்டிவிஷன் 2024இல் ஆவணங்கள் வெளியிட்டது: இணைப்பின் வேகம், காத்திருக்கும் நேரம், ஆடுவோர் திறன் முதலியன. திறனுக்குத் தரும் எடையைக் குறைத்து, ஆடுவோருக்கு அறிவிக்காமலே ஒரு சோதனை நடத்திய செய்தியும் அவற்றிலேதான் வெளிவந்தது. அறிவிப்பு வந்திராவிட்டால், அந்நாட்களின் வெற்றி தோல்விகளைத் தம் திறமையென்றும் திறமைக் குறைவென்றுமே எண்ணியிருப்பர், ஆடியவர்கள்.

பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்று ஓலையை மடிக்கும் சோதிடரிடம், "எப்படிப் பார்த்தீர்? எதைக்கொண்டு பார்த்தீர்?" என்று கேட்கக் கற்ற இளைஞர் கூட்டம் நம்முடையது. ஓலை போய்க் கண்ணாடித் திரை வந்ததால் கேள்வி காலாவதியாகிவிடுமா?

ஆடுங்கள், தோழர்களே! வெல்லுங்கள், தோற்றாலும் சிரியுங்கள். ஆனால் எண்ணொன்று உங்களைப் பார்த்து "உன் மதிப்பு இவ்வளவு" என்று சொல்லும்போது, மூன்று கேள்வி கேளுங்கள்: எதை அளந்தாய்? எப்படி அளந்தாய்? யாருடைய நலனுக்காக அளந்தாய்? விடை வந்தால் ஆராய்ந்து ஏற்போம். வாராவிட்டால், அந்த எண்ணை ஆட்டத்தின் ஓர் அலங்காரமாகக் கொள்வோம். நம் அறிவின் அளவாகக் கொள்ளோம். அதன் சொல் கேட்டுப் பணப்பையையும் திறவோம்!