பூஜ்யமாகாத ஓர் எண்

"நாம் இருக்கிறோம், ஆகையால் பிரபஞ்சம் இப்படி இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "இவர் ஒரு வேதாந்தி" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவோம். ஆனால், ஏறக்குறைய இந்த வாதத்தைக் கையாண்டவர் 2021-ல் காலஞ்சென்ற அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் வைன்பர்க்.

விஷயம் இதுதான். வெற்றிடத்திலும் ஒரு சக்தி உறைந்து, பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளக்கூடும். அதன் அளவைக் குறிக்கும் எண்ணுக்குப் பிரபஞ்ச மாறிலி என்று பெயர். 1917-ல் ஐன்ஸ்டீன் அதைத் தம் சமன்பாட்டில் சேர்த்தார், 1931-ல் கைவிட்டார். குவாண்டம் சாஸ்திரத்தைக் கொண்டு தோராயமாக மதிப்பிட்டாலோ, உண்மையில் காணும் அளவைப்போல் 1-க்குப் பின் 120 பூஜ்யங்கள் போட்ட அத்தனை மடங்கு வருகிறது!

எண் அவ்வளவு பெரிதாயிருந்தால் என்ன ஆகும்? பருப்பொருள் ஒன்றுசேருவதற்குள் ஆகாசம் விரிந்து ஓடிவிடும். நக்ஷத்திரம் இல்லை, பூமி இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. ஆகவே எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1987-ல் வைன்பர்க் கணக்கிட்டார். நாம் இருப்பது ஒன்றே காரணமென்றால், எண் அந்த வரம்புக்குள் இருந்தால் போதும். பூஜ்யமாகவே இருக்க நிர்ப்பந்தமில்லை. 1998-ல் தூரத்து சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரண்டு கோஷ்டியார், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிவருவதைக் கண்டார்கள். பூஜ்யமல்லாத சிறு எண் ஒன்று வரம்புக்குள்ளேயே அகப்பட்டது!

இது விளக்கமா, வெறும் சமாதானமா? "எங்கும் ஏன் தண்ணீர்?" என்று குளத்து மீன் கேட்கிறது. "தண்ணீர் இல்லாவிட்டால் கேட்க நீ இருக்கமாட்டாய்" என்பது மறுக்க முடியாத பதில். ஆனால் அது விளக்கமாக வேண்டுமானால், வறண்ட குளங்களும் எங்கேயோ பல இருக்க வேண்டும். அதுபோல, வெவ்வேறு எண்களுடன் பல பிரபஞ்சங்கள் வேண்டும். அவற்றைக் கண்டவர் எவருமில்லை. டேவிட் கிராஸ் போன்ற அறிஞர்கள் இந்த வாதத்தை ஏற்காமல், மெய்க்காரணத்தைத் தேடுவதை விட்டுவிடலாகாது என்கிறார்கள்.

காணும் முன்பே வரம்பு சொன்ன வாதத்தை அலட்சியம் செய்யலாகாது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் அதையே தலையணையாக்கித் தூங்கிவிடவும் கூடாது. 2024, 2025-ல் வெளியான டெஸி ஆய்வு முடிவுகள், அந்தச் சக்தி காலப்போக்கில் மாறுகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியிருக்கின்றன. அது மெய்யானால், மாறிலி என்ற பெயரே பொருந்தாது! விடை கிடைத்துவிட்டதென்று எல்லோரும் சும்மா இருந்திருந்தால், இந்தச் சந்தேகம் பிறந்திருக்குமா?

கேள்வி கேட்க நாம் இருப்பது பெரும் அதிர்ஷ்டம். இருந்தும் கேட்காமல் விட்டால், அந்த அதிர்ஷ்டத்தால் என்ன பிரயோஜனம்?